மகளின் கையில் உள்ள காயங்கள்: குவைத்திலிருந்து கேட்ட தந்தைக்கு

நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். உங்களுக்குக் குவைத்தில் மீன்பிடிப் படகில் வேலை. வீடு குளச்சல் பக்கம். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். சென்ற வாரம் துணி காயப்போடும்போது சட்டைக் கை விலகி, முன்கையில் பழையதும் புதியதுமாகக் காயங்கள் இருப்பதை உங்கள் மனைவி பார்த்திருக்கிறார். கேட்டதற்கு, ‘அப்படிச் செய்தால் கொஞ்ச நேரம் நெஞ்சுப் பாரம் இறங்குகிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாளாம். பிசாசின் வேலை, ஜெபத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்கிறார் உங்கள் மாமியார். செல்போனைப் பிடுங்கி நாலு அடி கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் உங்கள் அண்ணன். இது நடிப்பா, மனநோயா, நான் லீவு போட்டு வர வேண்டுமா என்று நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில், நீங்கள் எழுத அஞ்சிய நான்காவது கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: என் மகள் சாக நினைக்கிறாளா? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நாகர்கோவிலில் 22 ஆண்டுகளாக மனநலச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளோடுதான் கழிந்தது. நான் மருத்துவர் அல்ல. மருந்து எழுதும் தகுதி எனக்கு இல்லை. உங்கள் மகளை நான் பார்த்ததும் இல்லை. ஆகவே அவளுக்கு இன்ன நோய் என்று இங்கே பெயர் சூட்ட மாட்டேன். யாராவது சூட்டினாலும் நம்பாதீர்கள்.

தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளில் பலர் அந்த நேரத்தில் சாக நினைப்பதில்லை. அந்த ஒரு மணி நேரத்தை எப்படியாவது கடந்துவிட வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். சாகும் எண்ணமில்லாமல் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது என்று இதை மனநலத் துறையில் தனியாகவே பிரித்துப் பார்க்கிறார்கள். 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதை மேலும் ஆராய வேண்டிய நிலை என்று தனியே குறிப்பிட்டது. இதுவரை சொன்னது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் இதோடு நிறுத்தினால் நான் உங்களை ஏமாற்றியவள் ஆவேன். இப்படிக் காயப்படுத்திக்கொண்ட பிள்ளைகள் பின்னாளில் தற்கொலைக்கு முயலும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடத் தெளிவாகவே அதிகம். இன்று சாகும் எண்ணம் இல்லாதவளுக்கு மூன்று மாதம் கழித்தும் இருக்காது என்பதற்கு உறுதி கிடையாது. ஒரே பிள்ளையிடம் சில நாள் ஒன்றும் சில நாள் மற்றொன்றும் இருப்பதைக் கண்டிருக்கிறேன். அதனால் காயத்தின் ஆழத்தைப் பார்த்து நாமாக முடிவு செய்யக் கூடாது. அவளிடமே கேட்க வேண்டும்.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடாதா என்று ஏறக்குறைய எல்லாப் பெற்றோரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆகாது. இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் உள்ளன. நேரடியாகக் கேட்பதால் தற்கொலை எண்ணம் கூடியதாக அவற்றில் தெரியவில்லை. ஏற்கெனவே வேதனையில் இருந்த பிள்ளைகளுக்குச் சற்று இலகுவானதாகவே தெரிந்தது. சுற்றி வளைக்காமல், ‘செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?’ என்று வீட்டுப் பேச்சிலேயே உங்கள் மனைவி கேட்கலாம். ஆமாம் என்று சொன்னாலோ, எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருப்பதாகத் தெரிந்தாலோ, பிடித்த பொருட்களை யாருக்காவது எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாலோ, அதற்குப் பிறகு ஒரு நிமிடமும் அவளைத் தனியே விடக் கூடாது. அன்றைக்கே, இரவானாலும் சரி, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். எந்தப் பதில் வந்தாலும் வீட்டில் உள்ள பூச்சிமருந்து, பாட்டியின் சர்க்கரை, இரத்தக்கொதிப்பு மாத்திரைகள் எல்லாவற்றையும் இன்றே பூட்டி வைக்கச் சொல்லுங்கள். எண்ணம் வரும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாதது மட்டுமே எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இனி, ஏன் இப்படிச் செய்கிறாள் என்பது. உங்களுக்குச் சட்டென்று பிடிபடாத இடம் இதுதான் என்று நினைக்கிறேன். வலிக்கும் என்று தெரிந்தே ஒரு பிள்ளை தன்னை ஏன் நோகடித்துக்கொள்ள வேண்டும்? பேச்சிப்பாறை அணைப் பக்கத்திலிருந்து மகனை அழைத்து வந்த ஒரு தந்தைக்கு இதை விளக்க நான் திணறிக்கொண்டிருந்தபோது அவரே ஒன்று சொன்னார். 2021 நவம்பர் மழைக்குச் சில வாரங்கள் கழிந்திருந்தன. ‘அணையில் தண்ணீர் ஏறிவிட்டால் திறந்துதானே ஆக வேண்டும்? திறந்தால் குழித்துறை ஆறு கரைபுரளும், ஊருக்குள் தண்ணீர் வரும் என்று தெரியும். தெரிந்தேதான் திறக்கிறார்கள். இவனும் அப்படித்தான் என்கிறீர்களா?’ ஆமாம், அப்படித்தான். பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி. மழை நின்றபாடில்லை, மட்டம் ஏறிக்கொண்டே இருக்கிறது என்றால் மதகைத் திறப்பவர் ஊரை அழிக்க நினைப்பவர் அல்ல. திறந்த கொஞ்ச நேரத்தில் மட்டம் இறங்குவதும் உண்மை. உங்கள் மகள் சொன்ன ‘நெஞ்சுப் பாரம் இறங்குகிறது’ என்பது பொய்யும் அல்ல, நடிப்பும் அல்ல. மேலே மழை பெய்துகொண்டே இருப்பதால் மறுபடியும் மட்டம் ஏறும், மறுபடியும் திறக்க வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னால் வெட்கமும் குற்ற உணர்வும் வந்து, அவையே அணைக்குள் புதுத் தண்ணீராகச் சேர்கின்றன. மழையைக் கவனிக்காமல் மதகை மட்டும் இழுத்துப் பூட்டச் சொல்கிறார் உங்கள் அண்ணன்.

இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தாங்க முடியாத உணர்ச்சியைத் தணிப்பதே பெரும்பாலானவர்கள் சொல்லும் முதல் காரணம் என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, அது உறுதி. உடல் வலி ஒன்று வந்து அடங்கும்போது, அதற்கு முன் இருந்ததைவிடவும் சற்று நிம்மதி தோன்றும் என்பதும் ஆய்வுக்கூடத்தில் பார்க்கப்பட்டிருக்கிறது. இந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் அப்படித்தான். ஆகவே உங்கள் மகளின் உடம்பில் விசித்திரமாக எதுவும் நடக்கவில்லை. மூளையில் இயல்பாகச் சுரக்கும் வலிநிவாரணப் பொருட்கள்தான் இதற்குக் காரணம், அதற்கு அடிமையாகிவிடுகிறார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்குச் சில சான்றுகள் இருக்கின்றன. முடிந்த முடிவு அல்ல. போதைப்பொருள் போன்றதுதான் என்று யாராவது அடித்துச் சொன்னால், அறிந்ததைவிட அதிகம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எல்லாருக்கும் ஒன்றே அல்ல. சிலருக்கு உணர்ச்சி பொங்குவதில்லை, மரத்துப்போய்விடுகிறது. எதையாவது உணர வேண்டும் என்பதற்காகச் செய்கிறார்கள். சிலருக்கு அது தண்டனை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்து போனதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மறு ஆண்டு ஒரு பையனைப் பார்த்தேன். ஊரும் விவரமும் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். கடலுக்குப் போன தந்தை திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. போவதற்கு முந்தைய இரவு அவரோடு சண்டை போட்டு, முகம் கொடுக்காமல் படுத்துவிட்டான். அந்தக் குற்றத்துக்குப் பல மாதங்களாகத் தன் உடம்பிலேயே தண்டனை நிறைவேற்றிக்கொண்டிருந்தான். முரட்டுப் பையன், பள்ளியில் யாரோடோ அடிதடி என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆண்பிள்ளைகளிடம் இது கண்டுகொள்ளப்படாமல் போவது இப்படித்தான்.

‘கவனத்தை இழுக்கச் செய்கிறாள்’ என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். சொல்ல வார்த்தை கிடைக்காததைக் காயத்தால் சொல்லும் பிள்ளைகள் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் மறைக்கிறார்கள். உங்கள் மகளும் துணி காயப்போடும் அந்த ஒரு கணம் வரை மறைத்துத்தானே வைத்திருந்தாள். அப்படியே கவனத்துக்காகத்தான் என்றாலும், தன் உடம்பைப் புண்ணாக்கினால் மட்டுமே கவனம் கிடைக்கும் என்று ஒரு பிள்ளை நம்பும் நிலைக்கு வந்திருக்கிறாள் என்றால், அந்தக் கவனத்தை உடனே கொடுக்க வேண்டாமா? பசிக்கு அழுகிற குழந்தையைப் பார்த்து, சோற்றுக்காகத்தான் அழுகிறது என்று குற்றம் சொல்வோமா?

சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையோடு என் முன்னால் வந்து உட்கார்ந்த ஒரு பெண்ணை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பொத்தானைக் கழற்றாமல், கைப்பட்டியை உள்ளங்கை வரை இழுத்து நான்கு விரல்களால் பிடித்துக்கொண்டே பேசினாள். மின்விசிறி ஓடியும் மேலுதட்டில் வியர்வை. என்ன வேதனை என்று கேட்டால் ‘தெரியாது’. கோபமா? ‘தெரியாது’. துக்கமா? ‘தெரியாது’. பிடிவாதம் என்று அவள் அம்மா வெளியே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. உடம்பில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வெகுநேரம் கழித்துத் தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டினாள். அது எப்படி இருக்கிறது? ‘மீன் முள் சிக்கின மாதிரி.’ அன்றைக்கு அவ்வளவுதான். அந்த முள்ளுக்கு அவமானம் என்று பெயர் வைக்க எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. வகுப்பில் எல்லார் முன்னிலும் நடந்த ஒன்று. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். பெயர் வைத்த பிறகு அதைப் பற்றிப் பேச முடிந்தது. பேச முடிந்த பிறகு, ஒரேயடியாக அல்ல, விட்டு விட்டு, காயங்கள் குறைந்தன. உள்ளே நடப்பதற்குச் சொல் இல்லாத பிள்ளைக்கு உடம்புதான் சொல்லாகிறது.

உங்கள் மகளுக்கு மேலே பெய்யும் மழை எது என்று எனக்குத் தெரியாது. நம் மாவட்டத்தில் நான் அதிகம் கண்டவற்றைச் சொல்கிறேன். 2011 கணக்கெடுப்பில் படிப்பறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் என்ற பெருமை நமக்கு உண்டு. அந்தப் பெருமையின் பாரம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளின் தோளில்தான் இறங்குகிறது. பத்தாம் வகுப்பில் நன்றாக வாங்கிய பெண் பிளஸ் ஒன் முதல் தேர்வில் சறுக்கினால், அதை வீட்டில் சொல்லவே பயப்படுகிறாள். அப்பா கடல் தாண்டிச் சம்பாதிக்கிறார் என்ற நினைப்பு அந்தப் பயத்தை இரட்டிப்பாக்குகிறது. தோழிகளுக்குள் விரிசல், காதல், ஊர் வாய், வீட்டில் குடி ஆகியவையும் உண்டு. தோழிகளில் ஒருத்தி செய்வதைப் பார்த்து மற்றவள் தொடங்குவதும் நடக்கிறது. செல்போனில் பார்ப்பதும் இதில் சேரும். ஆனால் பார்த்த எல்லாரும் செய்வதில்லை. இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. சில பிள்ளைகளின் காயத்துக்கு அடியில், தெரிந்தவரோ உறவினரோ செய்த பாலியல் அத்துமீறல் இருக்கும். எல்லாருக்கும் அப்படி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அவள் அப்படி ஏதாவது சொல்லத் தொடங்கினால், யார் பெயர் வந்தாலும் நம்புங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது.

உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற அதிசயம் இது என்றும் நினைக்க வேண்டாம். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வெளியான ஒரு கணக்கின்படி, வளரிளம் பருவத்தினரில் சுமார் 17 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படிச் செய்திருக்கிறார்கள். அதில் பெரும்பங்கு மேலை நாட்டு ஆய்வுகள். அதனால் அந்த எண்ணை அப்படியே குளச்சலுக்குக் கொண்டுவர மாட்டேன். நம் பள்ளிகளிலும் உண்டு என்பதற்கு நான் சாட்சி.

அடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே வலியால் வேதனையைத் தீர்க்கப் பார்க்கிறவளுக்கு மேலும் வலியைக் கொடுப்பதால் என்ன மாறும்? இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்வாள், யாரும் பார்க்காத இடத்துக்குக் காயம் மாறும். வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்து இனிச் செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்குவதும் வேண்டாம். அந்தச் சத்தியம் உடைகிற நாளில் பழைய வேதனையோடு பாவம் செய்தோம் என்ற பாரமும் சேரும். சட்டையைத் தூக்கச் சொல்லி அத்தை, மாமிகளுக்குக் காட்டுவதையும் தினமும் பையைச் சோதிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். மாமியாரின் ஜெபத்தை நான் தடுக்க மாட்டேன். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்காக மெல்ல ஜெபிப்பது நல்லது. கூட்டத்தின் நடுவே நிறுத்திப் பிசாசை விரட்டுவது நல்லதல்ல. உங்கள் பங்குச் சாமியார் விவரம் அறிந்தவரானால் அவரே இதை மாமியாரிடம் எடுத்துச் சொல்வார். இந்த மாவட்டத்தில் எனக்குப் பிள்ளைகளை அனுப்பிவைத்த சாமியார்களும் போதகர்களும் பலர்.

செய்ய வேண்டியதில் முதலாவது காயம். ஆழமாகவோ, சீழ் வைத்தோ இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டித் தடுப்பூசியும் போட வேண்டும். சிறியதென்றால் அம்மாவே சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மருந்து போட்டுவிடட்டும். அந்த நேரத்தில் கேள்வி கேட்காமல், அழாமல், திட்டாமல் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதே பாதிப் பேச்சு. அதற்குப் பிறகு, ‘இவ்வளவு செய்யும்படி உனக்கு எவ்வளவு கஷ்டம் இருந்திருக்கும். எனக்கு முழுசாப் புரியல, சொன்னா கேக்கேன்’ என்ற அளவில் நிறுத்தலாம். ஏன் செய்தாய் என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இருக்காது. அன்றைக்கு அதற்கு முன் என்ன நடந்தது என்ற கேள்விக்கு இருக்கும்.

நல்ல சிகிச்சை இருக்கிறது. இதற்கென்று மிக வலுவான சான்று உள்ள பேச்சுச் சிகிச்சை ஒன்றைச் சுருக்கமாக டி.பி.டி. என்பார்கள். அமெரிக்காவில் மார்ஷா லைனஹான் என்ற உளவியலாளர் உருவாக்கியது. தானும் 17 வயதில் இதே துன்பத்தோடு மனநல மருத்துவமனையில் கிடந்தவள்தான் என்று அவர் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். வேதனை உச்சத்துக்கு ஏறும்போது அதைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பது, குளிர்ந்த நீரில் முகம் கழுவுவது, மூச்சை நீட்டி விடுவது, வேகமாக நடப்பது, நம்பும் ஒருவரைக் கூப்பிடுவது என்று உச்சம் தணியும் வரை தாக்குப்பிடிக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பழக்குகிறார்கள். அதன் முழு வடிவம் நம் ஊரில் கிடைப்பது அரிது. ஆனால் பயிற்சி பெற்ற உளவியலாளர் அதன் முக்கியக் கூறுகளைச் சொல்லித்தர முடியும். காயத்துக்குப் பதிலாகச் சிறிய வலி தரும் வேறு எதையாவது செய்யலாம் என்று சிலர் சொல்லும் யோசனையை நான் ஏற்பதில்லை. வேதனைக்கு மருந்து வலிதான் என்ற பாடத்தையே அது மறுபடி படிப்பிக்கிறது. மாத்திரையைப் பொறுத்தவரை, இந்தப் பழக்கத்துக்கென்று தனி மருந்து கிடையாது. அடியில் மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் மனநல மருத்துவர் அதற்கு மருந்து தரலாம். அந்த முடிவு அவருடையது.

ஆசாரிப்பள்ளத்தில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனை, பணம் கட்ட வேண்டாம். கிளம்புவதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் மனைவியோ மகளோ 14416 எண்ணை எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை அது. தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. நீங்கள் பேச விரும்பினால் சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. முதலில் உள்ள 0-வை விட்டுவிட்டு, முன்னால் +91 சேர்த்துக் குவைத்திலிருந்தே அழைக்கலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தன்னைக் காயப்படுத்திக்கொண்டதற்குச் சிகிச்சை கேட்டு வருவது குற்றம் அல்ல. தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி உதவ வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அதே சட்டப்படி அவளுடைய விவரங்களை மருத்துவமனை ரகசியமாகக் காக்க வேண்டும், ஊருக்குத் தெரியாது. பள்ளியில் அவள் நம்பும் ஓர் ஆசிரியை இருந்தால், அவளைக் கேட்டுவிட்டு அவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

லீவு போட்டு வர வேண்டுமா என்றால், முடிந்தால் வாருங்கள். ஆனால் உனக்காகத்தான் வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லும் மனநிலையில் வருவதைவிட அங்கேயே இருந்து தினமும் பேசுவது மேல். டிக்கெட் எடுப்பதற்கு முன் அவளிடமே கேளுங்கள்: ‘அப்பா வரட்டுமா?’ வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று வாதாடாமல், இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி, சரியாக ஒன்பது மணிக்குக் கூப்பிடுங்கள். முதல் சில நாட்கள் ‘ம்’, ‘சரி’ என்பதற்கு மேல் எதுவும் வராது. நீங்கள் பேசுங்கள்: அன்று என்ன மீன் பட்டது, யார் சமைத்தார்கள், உங்களுக்கு எப்போது வீட்டு நினைப்பு வந்தது என்று. மதிப்பெண்ணையும் கையையும் பற்றிக் கேட்காத அழைப்பாக அது இருக்கட்டும். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அங்கே என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.